“பிள்ளை இப்போ அடங்கிட்டா” என்று சந்தோஷப்படும் முன்



கொஞ்சம் நீளமான பதிவு. பூஜை முடிந்து, சாப்பிட்டு, கால் நீட்டி உட்கார்ந்த பிறகு நிதானமாகப் படியுங்கள். வெளிநாட்டில் விடுதிப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருப்பவர்களும், சேர்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களும் கண்டிப்பாகப் படியுங்கள்.

விடுமுறை வந்தால் நம் ஆலயத்தில் ஒரு பேச்சு தவறாமல் காதில் விழும். ஊட்டிப் பக்கமோ கொடைக்கானல் பக்கமோ தங்கிப் படிக்கும் பிள்ளை ஊருக்கு வந்திருக்கும். வெள்ளிக்கிழமை பூஜைக்கு அம்மா அப்பாவோடு வரும். ஓரமாக உட்காரும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும். உடனே யாராவது ஆரம்பிப்பார்கள்: “பார்த்தீங்களா, எவ்வளவு சேட்டை பண்ணுவான்! இப்போ எப்படி அடங்கிட்டான்! போர்டிங் ஸ்கூல்ல போட்டதுதான் சரி.”

தொண்டர்களாகிய நாங்கள் இதைப் பற்றி எங்களுக்குள் பல தடவை பேசிவிட்டோம். எங்கள் கருத்தை நேராகவே சொல்கிறோம். அடக்கம் வேறு, அடங்கிப் போவது வேறு. அடக்கம் என்பது பிள்ளை தானாக வளர்த்துக்கொள்கிற குணம். அடங்கிப் போவது, வேறு வழி தெரியாமல் பிள்ளை செய்கிற காரியம். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். பார்ப்பவர்கள் ஏமாந்து போவதும் அதனால்தான்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். பிள்ளையை அனுப்பிய பெற்றோரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்களுடைய சிரமம் நமக்குத் தெரியும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து, ஆயிரம் பேருக்கு மேல் படிக்கும் இடைநிலைப்பள்ளிக்குப் பிள்ளை போகும்போது, கெட்ட சகவாசம் ஒட்டிக்கொள்ளுமோ, கேங் கீங் என்று போய்விடுமோ என்று வயிறு கலங்காத பெற்றோர் யார்? ஜொகூரில் விடியற்காலை நாலு மணிக்கே மோட்டாரை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் அப்பா அம்மாக்கள் எத்தனை பேர்! தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார்கள் எத்தனை பேர்! “அங்கே போனா நல்ல ஆங்கிலமும் வரும், தமிழும் வரும், சமயமும் வரும்” என்று நம்பி, நகையை வைத்துக் கட்டணம் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இந்தக் காரணங்களை எல்லாம் நாங்கள் மதிக்கிறோம். ஆனால் இன்னொரு காரணமும் அடிக்கடி கேட்கிறது. “இவ சொன்ன பேச்சு கேட்க மாட்டேங்கிறா. அங்கே போட்டாத்தான் சரியா வருவா.” இதைப் பற்றித்தான் பேச வேண்டும். ஏனென்றால் இப்படி அனுப்பப்படுகிறவர்கள் பெரும்பாலும் கெட்ட பிள்ளைகள் இல்லை. கட்டுக்குள் அடங்காத சுபாவம் கொண்ட பிள்ளைகள்.

ஓர் உதாரணம் சொல்கிறோம். யார் வீட்டுப் பிள்ளை என்று தேட வேண்டாம். அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறோம்.

ஒரு பெண் பிள்ளை. ஆலயத்துக்கு வந்தால் செருப்பைக் கழற்றியதோடு சரி, வீட்டுக்குப் போகும் வரைக்கும் ஓட்டம்தான். பின்பக்கத்து மாமரத்தில் ஏறுவாள். அண்ணன்மாரிடம் கெஞ்சிக் கெஞ்சிச் சங்கு ஊதக் கற்றுக்கொண்டாள். “பிள்ளையாருக்குப் படைச்ச கொழுக்கட்டையை அந்த எலி ஏன் சாப்பிடாம பார்த்துக்கிட்டே இருக்கு?” என்று தேவார வகுப்பில் கேட்டு ஆசிரியரையே சிரிக்க வைப்பாள். அன்னதானத்தில் தண்ணீர் கொடுக்கச் சொன்னால் பாதித் தண்ணீர் தரையில் இருக்கும். ஆனால் சக்கர நாற்காலியில் வரும் தாத்தாவுக்கு முதல் தம்ளர் போகும். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. “பொம்பளப் பிள்ளை இப்படியா ஓடுறது” என்று பலரும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பன்னிரண்டு வயதில் மலைமேல் ஒரு விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள்.

“இந்தியாதானே, நம்ம ஊருதானே” என்று எல்லாரும் சொன்னார்கள். நமக்கு அது பூர்வீக மண். பழனி, மதுரை, திருச்செந்தூர் என்று யாத்திரை போய் வருகிறோம், கண் கலங்குகிறது. ஆனால் கிள்ளானிலோ ஈப்போவிலோ பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அது வெளிநாடு. இங்கே வருஷம் முழுக்க வெயிலும் மழையும்தான். ஊட்டி ஏழாயிரம் அடிக்கு மேலே இருக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் புல்மேல் உறைபனி படியும். வெறுங்காலோடு ஓடிய பிள்ளை காலையிலிருந்து இரவு வரை காலுறையும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். காரைக் ‘காடி’ என்று சொன்னாள், வகுப்பே சிரித்தது. பேச்சு முடிவில் ‘லா’ போட்டாள், அதற்கும் சிரிப்பு. அவள் பெயரே போய் ‘மலேசியா’ என்று ஆகிவிட்டது. தமிழ் வளரும் என்று அனுப்பிய இடத்தில், தான் பேசுகிற தமிழ் தப்பு என்று நினைத்து வாயை மூடிக்கொண்டாள்.

விடுதி வாழ்க்கை மணி அடித்து நடப்பது. எழுந்திருக்க மணி, குளிக்க மணி, சாப்பிட மணி, படிக்க மணி, தூங்க மணி. நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் கவனிக்கும் இடத்தில் அது இல்லாமல் முடியாது. அதில் தப்பு சொல்ல மாட்டோம். ஒழுங்கு பிடித்த பிள்ளைகளுக்கு அது ஒரு நிம்மதியாகக்கூட இருக்கும். ஆனால் தன் மனசுக்குள்ளே இருக்கும் மணியைக் கேட்டே பழகிய பிள்ளைக்கு, அது மூச்சு முட்டுகிற விஷயம்.

அப்புறம் தொலைபேசி. வாரத்துக்கு ஒரு தடவை, பத்து நிமிஷம், வார்டன் பக்கத்தில் இருக்கும்போது பேச வேண்டும். அங்கே இரவு ஏழரை என்றால் இங்கே பத்து மணி. நாலு மணிக்கு எழுந்து வேலைக்குப் போகும் அப்பா தூங்கியிருப்பார். “எப்படிடா இருக்கே?” “நல்லா இருக்கேன்மா.” “சாப்பிட்டியா?” “சாப்பிட்டேன்மா.” முடிந்தது. இதை வைத்துப் பிள்ளை பழகிவிட்டாள் என்று முடிவு செய்கிறோம்.

ரோல்ட் டால் என்ற ஆங்கில எழுத்தாளரை உங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். ‘சார்லி’, ‘மட்டில்டா’ கதைகளை எழுதியவர். 1925-இல் ஒன்பது வயதில் அவரை விடுதிப் பள்ளியில் விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் அம்மாவுக்குக் கடிதம் எழுத வேண்டும். எழுதும்போது தலைமையாசிரியர் சுற்றி வந்து பார்த்துக்கொண்டே இருப்பார். அதனால் உள்ளத்தில் இருப்பதை எழுத முடியாது. வீட்டு ஏக்கம் தாங்காமல், குடல்வால் வலி என்று நடித்து வீட்டுக்கு வந்த கதையைப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். நூறு வருஷத்துக்கு முந்தைய அந்தக் கடிதமும், இன்றைக்கு நாம் கேட்கிற “நல்லா இருக்கேன்மா”வும் ஒன்றுதான்.

நம் பிள்ளை விடுமுறைக்கு வந்தாள். அன்னதானத்துக்குக் காய் வெட்டிக்கொண்டே அவளுடைய அம்மா எங்களில் ஒருவரிடம் சொன்னார்: “வீட்ல தண்ணி குடிக்கக்கூட என்கிட்ட பெர்மிஷன் கேக்குறா.” பக்கத்தில் இருந்தவர், “எவ்வளவு மரியாதை பாருங்க” என்றார். அந்த அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டார். “மரியாதை இல்லக்கா. பயம்.” தலையணைக்கு அடியில் பிஸ்கட் மறைத்து வைக்கிறாளாம். விளக்கை அணைத்தால் தூங்க மாட்டேன் என்கிறாளாம். மாமரத்துப் பக்கம் அவள் போகவே இல்லை என்பதை நாங்களும் கவனித்தோம்.

இங்கிலாந்தில் ஜாய் ஷாவெரியன் என்ற உளவியல் சிகிச்சையாளர், சின்ன வயதிலேயே விடுதிக்கு அனுப்பப்பட்டு வளர்ந்து பெரியவர்களான பலருக்குச் சிகிச்சை அளித்தவர். அந்த அனுபவத்தை வைத்து 2015-இல் ஒரு புத்தகமே எழுதினார். ‘போர்டிங் ஸ்கூல் சிண்ட்ரோம்’ என்று அதற்குப் பெயர் கொடுத்தார். மருத்துவப் பட்டியலில் உள்ள நோய் அல்ல அது. ஆனால் அவர் சொல்வதை யோசித்துப் பார்க்க வேண்டும். அழுது பயனில்லை என்று தெரிந்துகொண்ட பிள்ளை அழுகையை நிறுத்திவிடுகிறது. யாரும் தேவையில்லை என்பது போல் இருக்கக் கற்றுக்கொள்கிறது. வெளியில் கெட்டிக்காரனாக, வெற்றி பெற்றவனாகத் தெரியும். ஆனால் நாளைக்குக் கல்யாணம், குடும்பம் என்று வரும்போது, நெருங்கி வருகிறவர்களிடம் மனசைத் திறக்க முடியாமல் தவிக்கும்.

“அந்தக் காலத்துல குருகுலம் இல்லையா? பிள்ளைங்க வீட்டை விட்டுப் போய்ப் படிக்கலையா?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கண்ணனையே எடுத்துக்கொள்வோம். அவனைவிடச் சேட்டைக்காரப் பிள்ளை யார்? யசோதை உரலில் கட்டினாள். எங்கே? தன் வீட்டு முற்றத்தில், தன் கண் முன்னால். சேட்டை தாங்கவில்லை என்று அவனை எங்கேயும் அனுப்பவில்லை. வளர்ந்த பிறகுதான் சாந்தீபனி முனிவரிடம் போனான். 64 கலைகளையும் 64 நாளில் கற்று முடித்தான் என்று பாகவதம் சொல்கிறது. அங்கே என்ன நடந்தது? கண்ணனும் குசேலரும் விறகு பொறுக்கப் போய்க் காட்டில் மழையில் மாட்டிக்கொண்டார்கள். பொழுது விடிந்ததும் அவர்களைத் தேடிக்கொண்டு காட்டுக்குப் போனவர் குருவேதான். குருகுலம் என்றால் அது. உங்கள் பிள்ளை தங்கியிருக்கும் இடத்தில், இன்றைக்கு அவள் சாப்பிடவில்லை என்பதைக் கவனிக்க ஒருவர் இருக்கிறாரா? காணோம் என்றால் தேடிப் போக ஒருவர் இருக்கிறாரா? இருக்கிறார் என்றால் அது நல்ல இடம். கட்டடமும் நீச்சல் குளமும் அதற்கு அப்புறம்தான்.

இன்னொரு வாதம் உண்டு. “நம்ம தாத்தா பாட்டியெல்லாம் ரஜூலா கப்பல்ல ஏறி வந்து, தெரியாத நாட்டுல காட்டை வெட்டிப் பிழைக்கலையா? இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு என்ன கஷ்டம்?” சரி. அந்தத் தாத்தா பாட்டி தோட்டத்துக்கு வந்து சேர்ந்ததும் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். லயத்துப் பக்கத்தில் ஒரு மரத்தடியில் கல்லை நட்டார்கள், சூலத்தை நட்டார்கள். மாரியம்மா என்றார்கள், முனியாண்டி என்றார்கள். விட்டு வந்த ஊரை நினைத்து அழ ஓர் இடம் வேண்டியிருந்தது அவர்களுக்கு. இந்த நாட்டில் நம் ஆலயங்களில் பல இப்படி ஊர் ஏக்கத்தில் முளைத்தவை. கப்பலேறி வந்த பெரியவர்களுக்கே அம்மா வேண்டியிருந்தது என்றால், பன்னிரண்டு வயதுப் பிள்ளை அம்மா வேண்டும் என்று அழுவதில் என்ன குறை? வீட்டு ஏக்கத்தை மற்ற யாருக்குப் புரியாவிட்டாலும், ஆலயத்துக்கு வருகிற நமக்குப் புரிய வேண்டும்.

சீர்காழிக் குளக்கரையில் மூன்று வயதுக் குழந்தை, தண்ணீரில் மூழ்கிய அப்பாவைக் காணாமல் அழுதது. அம்மை அப்பனை அழைத்து அழுதது. “அழாதே, பழகிக்கோ” என்று அம்பாள் சொல்லவில்லை. பால் கொண்டு வந்தாள். அந்தக் குழந்தைதான் திருஞானசம்பந்தர்.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இதுதான். விடுதிக்கு அனுப்பவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. இதே மாதிரி மலைப் பள்ளிக்குப் போய்ச் சந்தோஷமாகப் படித்து வந்த பையனையும் நம் ஆலயத்தில் பார்த்திருக்கிறோம். அவனிடம் முன்கூட்டியே கேட்டார்கள், பள்ளியைக் கூட்டிப் போய்க் காட்டினார்கள், “பிடிக்கலைன்னா ஒரு வார்த்தை சொல்லு, அப்பா வந்து கூட்டிக்கிட்டு வந்துடுறேன்” என்று வாக்குக் கொடுத்தார்கள். திரும்பி வரக் கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்த பிள்ளைக்கு அங்கே தங்கவும் தைரியம் வந்தது.

அனுப்பும் பெற்றோர் இவற்றை மட்டும் யோசியுங்கள்:

முதலாவது, தண்டனையாக அனுப்பாதீர்கள். “சேட்டை பண்ணினா போர்டிங் ஸ்கூல்ல போட்டுடுவேன்” என்று பயமுறுத்திவிட்டு அனுப்பினால், தன்னைத் தூக்கி எறிந்துவிட்டார்கள் என்றுதான் பிள்ளை நினைக்கும். அந்த நினைப்போடு எந்தப் பள்ளியிலும் ஒட்டாது.

இரண்டாவது, வீட்டை விட்டுப் புறப்படும் முன் பிள்ளையோடு ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். “நம்ம வீட்டு ரோஜாச் செடி எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டால், ‘நான் இங்கே கஷ்டப்படுகிறேன், தனியாகப் பேச வேண்டும்’ என்று அர்த்தம். வார்டன் பக்கத்தில் இருந்தாலும் சொல்லலாம். அந்தச் சொல் வந்தால் அலட்சியம் பண்ணாதீர்கள். ஆபத்து என்றால் இந்தியாவில் எங்கிருந்தும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு இலவசமாக அழைக்கலாம் என்பதையும் சொல்லி அனுப்புங்கள். இங்கே நம் நாட்டில் தாலியான் காசே, 15999.

மூன்றாவது, “சாப்பிட்டியா, படிச்சியா” என்பதோடு நிறுத்தாதீர்கள். “இன்னைக்கு யார்கூடச் சிரிச்சே? ராத்திரி யார் பக்கத்துல படுத்திருக்கா? அழணும்னு தோணுச்சா?” என்று கேளுங்கள். அழுதால் “ஸ்ட்ராங்கா இரு” என்று உடனே சொல்ல வேண்டாம். அழட்டும். கேட்டுக்கொண்டிருங்கள். அதுவே பாதி மருந்து.

நான்காவது, முதல் தவணையிலேயே ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள். டிக்கெட் விலை எங்களுக்கும் தெரியும். ஆனால் பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு மலை ஏறிப் போன பிள்ளையைத் தேடி, அம்மையும் அப்பனும் பழனி மலைக்கே போனார்கள் என்றுதானே நாம் கும்பிடுகிறோம்? “தானா இறங்கி வரட்டும்” என்று கைலாயத்தில் உட்கார்ந்திருக்கவில்லை.

ஐந்தாவது, திரும்பி வரும் வழியை அடைத்துவிடாதீர்கள். எஸ்பிஎம் சான்றிதழ் வேண்டும் என்றால் மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம். மூன்று வருஷம் மலாய்ப் பக்கமே போகாமல் படிவம் நான்கில் வந்து உட்காரும் பிள்ளை திணறிப்போகும். அங்கே படிக்கும்போதே ஆன்லைனில் மலாய் டியூஷனுக்கு ஏற்பாடு செய்யுங்கள். திரும்பி வர முடியும் என்பது வாய் வார்த்தையாக மட்டும் இருக்கக்கூடாது.

அந்தப் பெண் பிள்ளையைப் பற்றிக் கேட்பீர்கள். வருஷக் கடைசியில் பெற்றோர் அவளை வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார்கள். “கட்டின காசெல்லாம் வீணாப் போச்சே” என்று சிலர் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அந்த அப்பா, “காசு போகட்டும்ணே” என்று ஒரு வார்த்தையில் முடித்துக்கொண்டார். பள்ளியில் இப்போது மலாய்க்குத் திணறுகிறாள், உதவி கிடைக்கிறது. தண்ணீர் குடிக்க யாரிடமும் கேட்பதில்லை. மாமரத்தில் இன்னும் ஏறவில்லை. அவசரமில்லை.

கடைசியாக, பக்தர்களாகிய நம் எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். இந்த விடுமுறைக்கும் வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வருவார்கள். அவர்களைப் பார்த்ததும் மார்க் எவ்வளவு, ரேங்க் என்ன என்று கேட்க வேண்டாம். “அடங்கிட்டியே” என்று பாராட்டவும் வேண்டாம். அது பாராட்டு இல்லை. இப்படியே இரு என்கிற உத்தரவு. பூத்தொடுக்கக் கூப்பிடுங்கள். அன்னதானத்தில் கரண்டியைக் கையில் கொடுங்கள். தேர் இழுக்கும்போது கயிற்றில் இடம் விடுங்கள். கொஞ்சம் ஓடினால் ஓடட்டும், கொஞ்சம் சத்தம் போட்டால் போடட்டும். இதுவும் அவர்கள் வீடுதான்.

பிள்ளையின் பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்ய நாங்கள் எப்போதும் தயார். அர்ச்சனை முடிந்து பிரசாதத்தை வாங்கிக்கொண்டு காருக்குப் போனதும், அந்தப் பிள்ளைக்கு ஒரு போன் போடுங்கள். மனசு பாரமாக இருக்கும் பெற்றோர், ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்பு முடிந்த பிறகு எங்களிடம் வந்து உட்கார்ந்து பேசலாம். நாங்கள் டாக்டர்கள் இல்லை. ஆனால் காது கொடுத்துக் கேட்போம், கேட்டதை வெளியே சொல்ல மாட்டோம்.

தெரிந்த பெற்றோருக்கு இந்தப் பதிவை அனுப்பி வையுங்கள். உங்கள் கருத்து வேறாக இருந்தால் அதையும் கீழே எழுதுங்கள், பேசுவோம். ஆனால் யார் பிள்ளையின் பெயரையும் குறிப்பிட வேண்டாம்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் முருகன் துணை இருக்கட்டும்.

அன்புடன்,
ஆலயத் தொண்டர்கள்